ஈயத்தில் கோர்த்த எதிர்காலம்



அறிவியல் புனைகதை என்றதும் ராக்கெட், ரோபோ, கால இயந்திரம் இவைதான் நமக்கு ஞாபகம் வரும். அந்தக் கதைகளை இன்றைக்கும் ஈய எழுத்தில் கோர்த்து, மை தடவி, தாள் தாளாக அழுத்தி அச்சடிக்கிறவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? எதிர்காலக் கதைக்கு இறந்தகால இயந்திரம்! கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. டிப்ளமோ படிக்கிற நாம் கவனிக்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி.

முதலில் ஓர் உதாரணம். எட்வின் அபாட் 1884-ல் எழுதிய 'ஃபிளாட்லாண்ட்' கதையின் நாயகன் ஒரு சதுரம். நீளம், அகலம் மட்டுமே உள்ள தட்டை உலகத்தில் வாழ்கிறான். அங்கே ஒரு கோளம் வந்து நுழைகிறது. அவன் கண்ணுக்கு அது சின்ன வட்டமாகத் தோன்றி, பெரிதாகி, மறுபடி சிறுத்து மறைகிறது. டிராயிங் வகுப்பில் 'செக்‌ஷன்' போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்ட நமக்கு இது புரியாதா என்ன! இந்தக் கதையை சான் பிரான்சிஸ்கோவின் ஏரியன் பிரஸ் 1980-ல் 275 பிரதிகள் அச்சடித்தது. பக்கங்களைத் தைக்காமல் விசிறி மடிப்பாக ஒரே நீளத் தாளாய் மடித்தார்கள். விரித்துப் போட்டால் புத்தகமே ஒரு தட்டை உலகம். கதைக்கும் வேலைப்பாட்டுக்கும் இப்படிப் பொருத்தம் பார்ப்பவனைத்தான் நான் எஞ்சினியர் என்பேன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். டால்பர்ட் லான்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1887-ல் காப்புரிமை பெற்ற மோனோடைப், உண்மையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் விசைப்பலகையைத் தட்டினால் காகித நாடாவில் துளை விழும். மற்றொன்றில் அந்தத் துளைகள் வழியே அழுத்தக் காற்று புகுந்து, எந்த அச்சுக்குழி முன்னே வரவேண்டும் என்று தீர்மானிக்கும். உடனே உருகிய உலோகம் பாய்ந்து ஓர் எழுத்து வார்ப்பாகும். ஈயத்தோடு கடினத்துக்கு ஆன்டிமனி, நன்றாக ஓடுவதற்கு வெள்ளீயம். மெட்டலர்ஜி பாடம் அப்படியே கண்ணெதிரே!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாடாவைக் கடைசியிலிருந்து தலைகீழாக ஓட்டுவார்கள். ஏன் தெரியுமா? ஒரு வரியில் சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது வரியை முடித்த பிறகுதான் தெரியும். அந்தக் கணக்கை வரியின் முடிவில் துளையிட்டு, வார்க்கும்போது அதையே முதலில் படிக்க வைத்தார்கள். காகித நாடாவில் ஓடிய என்.சி. மெஷின்கள் 1950-களில்தான் வந்தன. ஆக, விஞ்ஞானக் கதையை அச்சடிக்கிற மெஷினே ஒரு விஞ்ஞானக் கதை!

விடுதி நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "ஏண்டா, காசுள்ளவன் ஷோகேஸுல வைக்கிற புத்தகத்துக்கு நீ எதுக்குடா வக்காலத்து வாங்குறே?" என்றான். நியாயமான கேள்வி. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழின் விலை 25 சென்ட். மட்டமான தாள்தான், ஆனால் வெர்னும் வெல்ஸும் சாதாரணப் பையன்கள் கைக்குக் கிடைத்தார்கள். ரே பிராட்பரி 'ஃபாரன்ஹீட் 451'-இன் முதல் வடிவத்தை நூலக அடித்தளத்தில், அரை மணிக்கு 10 சென்ட் போட்டால் ஓடுகிற டைப்ரைட்டரில் அடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். புத்தகத்தை எரிப்பதைக் கண்டிக்கும் அந்த நாவல் 1953-ல் வெளியானபோது, தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோடு 200 பிரதிகள் தனியாகப் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்பது இன்று நமக்குத் தெரியும். அதைப் பிரித்துப் படிக்கவா முடியும்? படிக்க முடியாத புத்தகத்தை எரித்தால் என்ன, பூட்டி வைத்தால் என்ன?

அதற்காக ஈய எழுத்தே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. மட்டமான தாள் பழுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பருத்தித் தாளில் அழுந்திய எழுத்து நூற்றாண்டு தாண்டி நிற்கும். அதைவிட முக்கியம், அந்த வேலை தெரிந்த கை. மெஷினை மியூசியத்தில் வைக்கலாம், கைப்பழக்கத்தை வைக்க முடியுமா? ஆர்டர் இருந்தால்தான் கை ஓடும். விலை கொடுத்து வாங்குகிறவர் புத்தகத்தை மட்டும் வாங்கவில்லை. ஒரு தொழிலாளியின் அடுத்த மாதச் சம்பளத்தையும், அவரிடம் வேலை பழகும் பையனின் எதிர்காலத்தையும் சேர்த்தே தாங்குகிறார்.

அப்படியானால் நமக்கு என்ன மிச்சம்? வழி இருக்கிறது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-ல் ஆசிரியர் பெயர்கூட இல்லாமல் 500 பிரதிகள் வந்தது. அதையே பாரி மோசர் மரச்செதுக்குப் படங்களோடு தமது பென்னிராயல் பிரஸ்ஸில் 1983-ல் அருமையாக அச்சிட்டார். அடுத்த ஆண்டே கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்தப் படங்களோடு சாதாரண வாசகருக்கான பதிப்பைக் கொண்டுவந்தது. கைத்தொழிலும் பிழைத்தது, வாசகனும் பிழைத்தான். ஒவ்வோர் உயர்பதிப்புக்கும் பின்னால் இப்படி ஒரு மலிவுப் பதிப்பு வரவேண்டும். வராவிட்டால் அது வெறும் அலமாரிச் சாமான்தான்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்துத் தள்ளிய ட்ரெடில் மெஷின்கள் நம்மூரில் ஆஃப்செட் வந்ததும் எடைக்குப் போயின. இன்னும் ஏதாவது ஊரில் ஒரு மூலையில் ஒன்றிரண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு வயதான கம்பாசிட்டரும் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், "ஐயா, இது எப்படி ஓடும்?" என்று கேளுங்கள். அளவெடுங்கள், படம் வரையுங்கள், அவர் சொல்வதை எழுதி வையுங்கள். டிராயிங் போடத் தெரிந்த நாமே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை