நாள் கணக்கும் ஆள் கணக்கும்

2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு, மலேசிய வேலைச் சட்டம் மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. மணமான தந்தைக்கு ஏழு நாள் விடுப்பு வந்தது. பெண்கள் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் இரவில் வேலை செய்வதற்கிருந்த பொதுத் தடை நீங்கியது. கருவுற்றவளை அக்காரணத்துக்காக வேலையினின்றும் விலக்குவது குற்றமாயிற்று. இவற்றைச் சுட்டிக்காட்டி, "இனி இந்நாட்டில் பெண்ணுக்கு என்ன குறை?" என்று கேட்போர் பெருகிவிட்டனர். மேடையில் கேட்கின்றனர், தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்கின்றனர், மகளிர் நாள் விருந்துகளில் மாலை சூடிக்கொண்டே கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூற வேண்டிய கடமை எழுதுவோர்க்கு உண்டு.

நாட்டுக்கு நாடு சட்டங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நாள்களையே எண்ணுகின்றனர். அந்நாட்டில் இத்தனை வாரம், இந்நாட்டில் இத்தனை வாரம் என்று அட்டவணை போட்டு, நம் நாடு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பார்த்து மகிழ்கின்றனர், அல்லது வருந்துகின்றனர். ஆனால் ஒரு சட்டத்தை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும். எத்தனை நாள் என்பது ஒன்று. அந்நாள்களுக்குரிய கூலியை யார் கொடுப்பது என்பது இரண்டு. அக்கூலிக்கு உரியவளாகச் சட்டம் யாரைக் கணக்கில் எடுக்கிறது என்பது மூன்று. முதற்கேள்வியோடு நின்றுவிடுவோர்க்கு மற்ற இரண்டும் கண்ணில் படுவதில்லை.

முதலில் நாள் கணக்கையே பார்ப்போம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1919இல் வாசிங்டனில் கூடிய முதல் மாநாட்டிலேயே, தாய்க்குப் பன்னிரண்டு வார விடுப்பு வேண்டுமென உடன்படிக்கை செய்தது. பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள். அடுத்த பத்தாண்டின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட நிர்ணயக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது. ஒரே பால்மரம், ஒரே வெட்டு, ஒரே வெயில். கூலி மட்டும் இரண்டு. விடுதலை பெற்று அறுபத்தைந்து ஆண்டு கடந்தும், 2022 முடியும் வரை நம் சட்டம் 60 நாளோடு நின்றது. 1919இல் உலகம் வகுத்த குறைந்தபட்ச அளவை எட்ட நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. இன்றைய 98 நாள் என்பதும், அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வகுத்த பதினான்கு வாரம்தான். அடிமட்டத்தை எட்டிவிட்டு மலையுச்சியில் நிற்பதாக எண்ணிக்கொள்வது எப்படிப் பொருந்தும்?

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் 2008இலேயே 16 வாரம் என்றது. வியட்நாம் 2013இல் ஆறு மாதம் ஆக்கியது. பிலிப்பீன்சு 2019இல் 105 நாள் ஆக்கியது. இந்தியா 2017இல் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று திருத்தியது. பின்னர் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த அளவைக் குறைக்கவில்லை. தமிழ்நாட்டரசு தன் பெண் ஊழியர்க்கு 2021இல் ஓராண்டு விடுப்பு வழங்கியது. சுவீடன் 1974இலேயே பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தாய் தந்தை இருவர்க்கும் பொதுவாக்கிவிட்டது.

"அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே நாடு முழுமைக்குமான கூலியோடு கூடிய விடுப்பே இல்லை, ஆயினும் அது செல்வ நாடு அன்றோ?" என்று வாதாடுவோர் உளர். உண்மைதான். 1993ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பன்னிரண்டு வாரம் தருகிறது. ஒரு காசும் தருவதில்லை. ஐம்பது பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களை அது தொடுவதுமில்லை. செல்வம் உண்டென்பதற்காக ஒரு நாட்டின் குறையையும் பின்பற்ற வேண்டுமென்பது விந்தையான அறிவுரை. பணக்காரன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று ஏழை தன் கூரையைப் பிரித்துப் போடுவதில்லை.

இனி இரண்டாம் கேள்வி. 98 நாள் கூலியை நம் நாட்டில் முதலாளி ஒருவரே தம் பையிலிருந்து கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். நான்கு பேரை வைத்துத் தையற்கடை நடத்துவோர் என்ன செய்வார்? மணமாகாத பெண்ணைத் தேடுவார். அல்லது ஆணைத் தேடுவார். நேர்முகத்தில் "கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை உண்டா?" என்ற கேள்வி எழுவது இதனால்தான். மலேசியப் பெண்களில் வேலைச் சந்தையில் இருப்போர் 2023இல் சுமார் 56 விழுக்காடு; ஆண்களிலோ எண்பதைத் தாண்டி நிற்கிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் பலவெனினும், முதலாளியின் இந்தக் கணக்கும் அவற்றுள் ஒன்று.

"அதனால்தான் சொல்கிறோம், விடுப்பைக் கூட்டாதீர்கள், கூட்டினால் பெண்ணுக்கே வேலை கிடைக்காது" என்கின்றனர் முதலாளிமார் தரப்பில் பேசுவோர். அவர்கள் கூறும் நோய் உண்மை. எழுதித்தரும் மருந்து பொய். சுமையை ஒருவர் தலையில் ஏற்றியதால் அவர் தள்ளாடுகிறார் என்றால், சுமையைப் பலர் தோளுக்கு மாற்ற வேண்டும். வியட்நாமில் சமூகக் காப்புறுதி நிதி கொடுக்கிறது. பிலிப்பீன்சிலும் காப்புறுதி நிதியே முதன்மையாகக் கொடுக்கிறது. சிங்கப்பூரில் முதல் இரு குழந்தைகளுக்கு முதல் எட்டு வாரத்தை முதலாளியும் பின் எட்டு வாரத்தை அரசாங்கமும் ஏற்கின்றனர். தாய்மைக் கூலியை முதலாளி மட்டுமே நேரடியாகச் சுமக்கும்படி விடலாகாது என்பது 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொதுவிதி. நாள் எண்ணிக்கையை அதிலிருந்து எடுத்துக்கொண்ட நாம், இந்த விதியை அங்கேயே விட்டுவந்தோம். நம்மிடம் சொக்சோ இருக்கிறது. காலில் ஆணி குத்தினால் கொடுக்கும் நிதி, பிள்ளை பெற்றால் கொடுக்கக் கூடாதா?

இந்தியாவின் 26 வாரம் நமக்கு இங்கே ஒரு பாடம். அங்கே தொழிலாளர் அரசுக் காப்புறுதிக்கு உட்பட்ட பெண்ணுக்கு அந்நிதி கொடுக்கிறது. அதற்கு வெளியே நிற்பவளுக்கு முதலாளி கொடுக்க வேண்டும். இந்தியப் பெண் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரோ வயலிலும் வீட்டிலும் கட்டடத்திலும் முறைசாரா வேலை செய்வோர். அவர்களை அந்த 26 வாரம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஏட்டில் நீண்ட விடுப்பு, வீட்டில் வெறும் அடுப்பு. நாள் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாம் கேள்வியே தலையாயது. சட்டம் யாரைத் தொழிலாளி என்று எண்ணுகிறது? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையே கிடக்கும் லகாட் வட்டாரமே போதும்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக் காலத்தில், முழங்கால் நீரில் குனிந்து நின்று டூலாங் தட்டில் மணலை அலசி ஈயம் எடுத்தோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அரசாங்கம் அவர்களுக்கு உரிமச்சீட்டுக் கொடுத்தது. உரிமம் உண்டு, முதலாளி இல்லை. முதலாளி இல்லையெனில் கூலி விடுப்பும் இல்லை. 1985இல் ஈய விலை சரிந்தபோது அவர்களுக்கு இழப்பீடு கேட்கவும் வாயில் இல்லை. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களும் செம்பனையாகவும் வீடமைப்பு மனைகளாகவும் மாறின. தோட்டத்துப் பெண்ணின் லயமும், ஆயாக்கொட்டகையும், பிரட்டுக் களமும் ஒன்றாக மறைந்தன. இன்று அவள் மகளும் பேத்தியும் மெங்லெம்புத் தொழிற்சாலைகளிலும், ஈப்போத் துணிக்கடைகளிலும், பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் துப்புரவுக் குத்தகையிலும், பிறர் வீட்டுச் சமையற்கட்டிலும் இருக்கின்றனர்.

குத்தகைத் துப்புரவாளரை எடுத்துக்கொள்வோம். மகப்பேற்றுக் கூலி பெற, பிள்ளை பிறப்பதற்கு முந்திய ஒன்பது மாதத்தில் ஒரே முதலாளியிடம் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முந்திய நான்கு மாதத்துக்குள் அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். குத்தகை கைமாறுகிறது. அதே பள்ளி, அதே துடைப்பம், அதே பெண். ஆனால் முதலாளி புதியவர். புதியவரிடம் 90 நாள் நிறையவில்லை. பழையவரைக் கேட்கலாம் என்கிறது சட்டம். ஆனால் வேலையை விட்டு விலகுமுன், நான்கு மாதத்துக்குள் தனக்குப் பேறு உண்டு என்பதை அவரிடம் அறிவித்திருக்க வேண்டுமாம். அறிவிக்கத் தவறினால் உரிமை போயிற்று. கருவுற்றிருக்கிறேன் என்று சொன்னால் புதிய குத்தகையில் பெயர் இருக்குமா என்று அஞ்சும் பெண், எந்த வாயால் அறிவிப்பாள்? சட்டம் எழுதியோர் அவளுடைய அச்சத்தை ஒருநாளும் கணக்கில் வைக்கவில்லை.

வீட்டு வேலைசெய்யும் பெண்ணுக்கு வேலைச் சட்டத்தின் மகப்பேற்றுப் பகுதியே பொருந்தாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவளுக்கு மரியாதையான புதிய பெயரைச் சூட்டியது, உரிமையைச் சூட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து தொழிற்சாலையில் நிற்கும் பெண்ணோ, கருவுற்றாலே வேலை அனுமதி இழந்து நாடு திரும்ப வேண்டியவள். "அவள் நம்மவள் அல்லளே" என்று சிலர் சொல்லக்கூடும். கங்காணியின் கையால் கப்பலேறி வந்த பாட்டியின் பேரப்பிள்ளைகள் சொல்லத்தக்க சொல்லா அது?

நின்றுகொண்டே நாளைக் கழிக்கும் துணிக்கடைப் பெண்ணுக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இல் சட்டமாக்கியது; தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்தது. அங்கே அப்பெண்களின் கால்வலி சட்டமன்றம் வரை சென்றது. ஐந்து மணி நேரத் தொடர்வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்பதோடு நம் வேலைச் சட்டம் நின்றுவிடுகிறது.

உடல்நலம் பற்றியும் லகாட்டுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய அரியமண் ஆலை, ஈயக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பிரித்துத் தோரியக் கழிவை விட்டது. அணுசக்தி உரிமச் சட்டம் நாட்டில் பிறந்தது 1984இல். ஆலை முந்தியது, சட்டம் பிந்தியது. கருச்சிதைவும் குழந்தைகளின் இரத்தப் புற்றும் ஆலையால் வந்தவை என்று ஊரார் முறையிட்டனர், ஆலையார் மறுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1994இல் ஆலை தானே மூடிற்று. அறிவியல் வாதம் எப்படியாயினும், கருவுற்றவளை ஐயத்துக்குரிய இடத்தில் நிறுத்தலாகாது என்ற எளிய அறத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுவதில்லை.

தோட்டத்தில் நஞ்சு தெளித்தோரும் பெரும்பாலும் பெண்களே; அவர்களுள் நம் பெண்கள் மிகுதி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைச் சுவீடன் 1983இல் தடைசெய்தது. மலேசியா 2002இல் தடையை அறிவித்தது. 2006இல் அதைத் தளர்த்தியது. 2020இல்தான் முழுமையாகத் தடைசெய்தது. முப்பத்தேழு ஆண்டு இடைவெளி! சுவீடன் நாட்டாரின் நுரையீரலுக்குக் கேடான நஞ்சு, தமிழச்சியின் நுரையீரலுக்கு மட்டும் பழுதற்றதாயிற்றோ?

மானம் காக்கும் உரிமையும் அப்படியே. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், தம் பெண்களைத் துரைமாரும் கிராணிமாரும் சீண்டுவது நிற்க வேண்டும் என்பதும் ஒன்று. கைநாட்டு வைத்த மக்கள் அன்று கேட்டதை, வேலைச் சட்டம் 2012இல்தான் ஏட்டில் ஏற்றியது. எழுபத்தோராண்டு! பெண்ணுரிமை மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நம்மிடையே சொல்வோர், கிள்ளான் தொழிலாளர் எந்த மேலைநாட்டில் கற்று வந்தனர் என்று கூறட்டும்.

தொழிற்சங்கங்களும் தம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்ற விதியால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றார். அரசமைப்பின் சமத்துவ உரிமை அரசாங்கத்தைக் கட்டுமேயன்றித் தனியார் ஒப்பந்தத்தைக் கட்டாது என்று 2005இல் கூறிவிட்டனர். அவ்விதி இருந்தது தொழிற்சங்கம் கையொப்பமிட்ட கூட்டு ஒப்பந்தத்தில்! இன்று வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. ஆயின் பாகுபாடு இன்னதென்று சட்டம் வரையறுக்கவில்லை. வேலை தேடி வரும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் யாரிடம் முறையிடுவாள்?

2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தங்கள் சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்தனர். "பெண்பிள்ளை ஒற்றுமை" என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, பறிக்கப்பட்ட போனசை மீட்டனர். இலங்கை மலையகத்தில் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பயனாகப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. ஒரே மொழி பேசும், ஒரே கூடை சுமந்த பெண்கள் இவர்கள். சட்டம் கருணையால் வருவதில்லை என்பதை இவர்கள் உலகுக்குக் காட்டினர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவு. மகப்பேற்றுக் கூலியைச் சொக்சோ வழியே பொதுநிதியாக்குக. குத்தகை கைமாறினும் பணிக்காலம் தொடரும் என்று எழுதுக. வீட்டுப் பணிப்பெண்ணையும் வெளிநாட்டுப் பெண்ணையும் மகப்பேற்றுப் பகுதிக்குள் கொண்டுவருக. பாகுபாட்டை வரையறுத்து, வேலை தேடுவோரையும் அதனுள் அடக்குக. கருவுற்றவளை நஞ்சிலிருந்தும் கதிரிலிருந்தும் விலக்கி, கூலி குறையாமல் வேறு வேலை தருக. இவை விண்ணிலிருந்து பறித்த விண்மீன்கள் அல்ல; பெரும்பாலானவை அண்டை நாடுகளில் ஏதோ ஒன்றில் நடப்பவை.

தாயைத் தெய்வமென்று பாடுவதில் நம்மை விஞ்சிய இனமில்லை. தெய்வத்துக்குக் கோயில் கட்டினால் போதும். தாய்க்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்குரிய பட்டியலில் லகாட்டின் துடைப்பக்காரியின் பெயர் ஏறும் நாள் வரையில், 98 என்ற எண்ணைக் காட்டி எவரும் நம்மை வாயடைக்க வேண்டா.