பரணில் உறங்கும் கப்பல்



1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அனுப்பிவைத்த நாடு டென்மார்க். அந்நாட்டின் பல ஆலயங்களில் இன்றும் மரத்தால் செய்த சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அவற்றுள் பலவற்றைக் கடலோடிகளே செய்து படைத்தனர்.

இக்கைவேலையில் இறங்கும் வாலிபர் சிலர், முதலிலேயே 104 பீரங்கிகளைத் தாங்கிய ‘விக்டரி’ போன்ற போர்க்கப்பலைத் தெரிந்துகொள்கிறார்கள். அது பாதியில் நின்று பரணுக்குப் போகிறது. ஒற்றைப் பாய்மரமுள்ள சிறு படகே முதல் வேலையாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து. கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடும்படி ஆண்டவரும் போதித்தாரே (லூக்கா 14:28).

முதலாவது, அடிமரம் நேராயிருக்கிறதா என்று பாருங்கள். அது வளைந்தால் மேலே செய்யும் யாவும் வளையும். விலாச்சட்டங்களைப் பசையிடுமுன் பொருத்திப் பாருங்கள். பலகைக் கீற்றுகளை நீரில் ஊறவைத்து வளையுங்கள். ஒரு பக்கம் ஒரு கீற்று ஒட்டினால், மறுபக்கமும் ஒன்று ஒட்டுங்கள்; ஒரே பக்கமாய் ஒட்டிக்கொண்டே போனால் கப்பலின் உடல் முறுகிப்போகும். இடைவெளி விழுந்தால் கலங்காதிருங்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் அது மறையும்.

இது வீண்பொழுது என்பாரும் உண்டு. தொடங்கியதை முடிக்கும் பொறுமையைக் கைகளுக்குக் கற்றுத்தரும் வேலை வீணாகுமா? அப்பொறுமை இல்லாத இடத்தில் ஜெபமும் பாதியில் நிற்கிறது, சமாதான முயற்சியும் பாதியில் நிற்கிறது.

ஆகையால், பரணில் கிடப்பதை இவ்வாரம் இறக்குங்கள். நாளுக்கு ஒரு கீற்றுப் போதும். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.