சிறு வணிக இணையதளம்: வெற்றியைத் தீர்மானிப்பது எது?

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்துள்ளது உதியன்குளங்கரை. இங்குள்ள கடைகளுக்குச் சாலையே விளம்பரம். இணையதளத்துக்கு அந்த வசதி இல்லை. முன்பின் அறியாதவரின் நம்பிக்கையைப் பெற்றால்தான் விற்பனை நடக்கும்.

அருகிலுள்ள பாலராமபுரத்தின் கைத்தறி இதற்கு உதாரணம். தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர் நெசவாளர்கள் வளர்த்த இத்தொழில், புவிசார் குறியீடு பெற்றது. ஆனால், கைபேசித் திரையில் விசைத்தறித் துணியும் அதேபோலத்தான் தெரியும். எனவே நூலின் தரம், நெசவு முறை, அளவு, புவிசார் குறியீட்டுச் சான்று ஆகியவற்றை விற்பனைத் தளமே விளக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளும் வெளிப்படைத்தன்மையையே வலியுறுத்துகின்றன. நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம், அனைத்துக் கட்டணங்களும் அடங்கிய மொத்த விலை, பொருளைத் திருப்பி அனுப்பும் நடைமுறை ஆகியவற்றை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

பெரிய வணிகத் தளங்கள் மூலம் விற்றால் விலையில் ஒரு பங்கு தரகாகச் செல்லும். சொந்த இணையதளம் அதை மிச்சப்படுத்தும். எனினும், தொலைபேசியில் பதில் சொல்ல ஆள் இல்லையெனில், எத்தனை அழகான தளமும் பூட்டிய கடையே.