வாக்கியத்தின் வாலை விழுங்காதீர்கள்!

நம் மேடைகளில் விளிப்புக்கு மட்டும் நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், ஒலிபெருக்கி உபயதாரர் என்று ஒருவர் விடாமல் அடைமொழியோடு ஆற அமர அழைக்கிறார்கள். பொன்னாடை வேறு. விஷயத்துக்கு வரும்போதுதான் ஓட்டம் பிடிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சர்க்கரை நோய் பற்றி ஒரு கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். டாக்டர் மைக்கைப் பிடித்தபோதே சாம்பார் வாசனை வந்துவிட்டது. சீக்கிரம் முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டும் போயிற்று. பாதியை விட்டுவிட்டு மீதியை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அவரோ அரை மணி நேரச் சரக்கு முழுவதையும் மடமடவென்று கொட்டிவிட்டு, நன்றி வணக்கம் என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னிடம் கேட்டார்: “மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடலாம்னாரா, போடக் கூடாதுன்னாரா தம்பி?” எனக்கும் விளங்கவில்லை.

தமிழில் இந்த அவசரம் சின்னக் குறை இல்லை. நமக்கு வினை கடைசியில் வருகிறது. இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் அதற்கும் பின்னால். அவசரக்காரர்கள் விழுங்குவது சரியாக அந்த இடத்தைத்தான். முதல் மூன்று சொல்லைக் கணீரென்று சொல்லிவிட்டு, முடிவை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு மண்டபத்தின் டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அனுப்புகின்றன. முன்சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்தால் இரண்டும் கேட்காது. அங்கே ஒரு நொடி நிறுத்துவது அலங்காரம் அல்ல, அவசியம்.

வேகமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா பேசிய வேகம் ஊரறிந்தது. ஆனால் ஒரு எழுத்துகூடச் சிதையாது. அந்த நாக்கு எல்லாருக்கும் வாய்க்குமா? டெல்லி வானொலியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தியை டீக்கடை இரைச்சலிலும் பின்தொடர முடிந்தது. நம்மால் பின்பற்றக்கூடியது அந்த வழிதான்.

“இப்போது எல்லாரும் வாட்ஸப் குரல் பதிவையே ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறார்களே” என்கிறார் என் நண்பர். கேட்கட்டும். புரியாவிட்டால் பின்னால் இழுத்து மறுபடி கேட்கலாம். மேடைப் பேச்சாளரை எங்கே பிடித்து இழுப்பது?

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களில் சந்தை அபாய எச்சரிக்கையை மூச்சுவிடாமல் ஒப்பித்துத் தள்ளினார்கள். கடைசியில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே தலையிட்டு, அதைப் புரியும்படி ஐந்து நொடி எடுத்துப் படிக்க வேண்டும் என்று 2008-ல் உத்தரவு போட்டது. நிறுத்திப் பேசு என்று சொல்ல ஒரு ஒழுங்குமுறை ஆணையம் தேவைப்பட்டிருக்கிறது! நம் ஊர் விழாக் குழுவுக்கு யார் உத்தரவு போடுவது?

அமைப்பாளர்களே, விளிப்பை ஒரே வரியில் முடியுங்கள், பொன்னாடைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பேச வருகிறவர்களே, நேரம் குறைந்தால் விஷயத்தைக் குறையுங்கள். மூன்று செய்தி போதும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் பின்வரிசை வரை வந்து சேரட்டும்.