நிலத்தைப் படிக்க ஒரு பட்டம்: கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா?

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை! அந்த ஊர் ஒரு வருஷம் முழுவதும் காணும் மழையை விட இது அதிகம். தூத்துக்குடி நகரத்தில் தெருக்கள் குளமாயின. பல வீடுகளில் பல நாட்கள் தண்ணீர் வடியவே இல்லை.

தண்ணீர் ஏன் வடியவில்லை?

தூத்துக்குடி தட்டையான ஊர். தரைக்கும் கடல் மட்டத்துக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. மேற்கே குளங்கள் நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். போகிற வழியிலே வீடு நிற்கிறது, ரோடு நிற்கிறது, மதில் நிற்கிறது. மழை பெய்தது இயற்கை. தண்ணீருக்கு வழி விடாதது மனிதர் செய்த காரியம்.

வீடு கட்ட என்ஜினீயர் இருக்கிறார். ரோடு போடவும் இருக்கிறார். ஆனால் மேடு, பள்ளம், ஓடை, மணல், மரம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுப்பவர் யார்? அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்'. தமிழில் 'நிலத்தோற்ற வடிவமைப்பு' எனலாம்.

வெறும் தோட்ட வேலையா?

இந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். "அஞ்சு வருஷம் கட்டடக் கலை படித்த பிள்ளை, இனிமேல் பூச்செடி வைக்கப் போகிறதா?" என்கிறார்கள்.

பூச்செடி வைப்பதும் இதில் உண்டு. ஆனால் அது ஒரு சிறு பகுதிதான்.

ஓர் இடத்தைக் கையில் கொடுத்தால், இந்த மாணவர் முதலில் அதன் வரைபடத்தைப் போடுகிறார். மழைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறிக்கிறார். மண்ணைச் சோதிக்கிறார். எந்த மரம் உப்புக் காற்றைத் தாங்கும், எது கருகிவிடும் என்று படிக்கிறார். ஜனங்கள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே நிழல் தேடுகிறார்கள் என்று கவனிக்கிறார். அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்துத் திட்டம் வரைகிறார்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பறவை, தொழில் எது என்று சொல்லி வைத்தவர்கள் தமிழர்கள். அந்த வழியில் வந்தவர்களுக்கு இந்தப் படிப்பு அந்நியமாகத் தோன்றக் கூடாது.

எங்கே கற்கலாம்?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1900-ம் ஆண்டிலேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் டெல்லியில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைக் கல்லூரி 1972-ல் மேற்பட்டப் படிப்பாகத் தொடங்கியது. ஆமதாபாத் 'செப்ட்' பல்கலைக்கழகத்திலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இது உண்டு. பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு.

டெல்லிக் கல்லூரியில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர் முகமது ஷஹீர். டெல்லி உமாயூன் சமாதித் தோட்டத்தைப் புதுப்பித்த பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வறண்டு கிடந்த பழைய வாய்க்கால்களில் 2003-ம் ஆண்டில் மறுபடியும் தண்ணீர் ஓடியது.

சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி, குப்பையும் இடிபாடும் கொட்டிக் கெட்டுப் போயிருந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீராக்கினார்கள். ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர் திட்டம் வகுத்தார்கள். அந்த இடத்துக்கே உரிய மரம், செடிகளை நட்டார்கள். அதுதான் 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா.

முத்துக் கரை சொல்லும் பாடம்

தூத்துக்குடிக் கரைக்கு இத்தகைய கண் அவசரமாகத் தேவை.

முத்துக்குளிப்பால் உலகப் புகழ் பெற்ற கடல் இது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. அனல் மின் நிலையம் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இதே கடலில் பவழப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்காக எடுத்தார்கள். பவழப் பாறை என்பது அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அரண் போனால் தீவு கரையும். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன!

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அந்தக் கதிக்கு ஆளாக இருந்தது. 1969-ல் சுமார் 20 ஹெக்டேராக இருந்த தீவு, 2015 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அரசாங்கமும், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கின. அலையின் வேகம் தணிந்தது. மணல் மறுபடி சேரத் தொடங்கியது.

இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் யார்? கடல் உயிர்களைப் படித்தவர்களும், அலையைக் கணக்கிடத் தெரிந்த என்ஜினீயர்களும்தான்.

கதவு யாருக்கு?

இங்கேதான் ஒரு குறை தெரிகிறது. நம் நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் இந்த மேற்பட்டத்துக்கு மனுப் போட வேண்டுமானால், ஐந்தாண்டு 'பி.ஆர்க்.' படித்திருக்க வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தாவரவியல் படித்த பெண்ணுக்கும், 1977 முதல் இங்கே நடக்கும் மீன்வளக் கல்லூரியில் பட்டம் பெற்ற பையனுக்கும் அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கிறது.

கட்டடம் வரையத் தெரியாதவருக்கு இந்தப் படிப்பு எப்படி வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஹார்வர்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டடக் கலை படித்தவருக்கு இரண்டு ஆண்டு. வேறு பட்டம் பெற்றவருக்கு மூன்று ஆண்டு. அதிகப்படியான காலத்தில் வரையவும் அளக்கவும் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதே ஏற்பாடு இங்கேயும் வேண்டும். உப்பளத்தில் பாத்தி கட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு, ஒரு விரல் உயர வித்தியாசத்தில் தண்ணீர் எப்படித் திரும்பும் என்று தெரியும். சங்கு குளிக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கடலடித் தரை தெரியும். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மணலை எந்தப் பக்கம் தள்ளும் என்று மீனவர் வீட்டில் சிறுவனும் சொல்வான். தேரிக் காட்டுப் பனையேறியின் மகளுக்கு, செம்மணலை எந்த வேர் பிடித்து வைக்கும் என்று தெரியும். இவர்களுக்கு வரைபலகையும் அளவுகோலும் கிடைத்தால் போதும்.

தமிழக அரசாங்கமும் அண்ணா பல்கலைக்கழகமும் விஞ்ஞானப் பட்டதாரிகளுக்காக மூன்றாண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். சில இடங்களைக் கடலோர மாவட்டத்து மாணவ மாணவிகளுக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சிக் களமாகத் தூத்துக்குடிக் கரையையே வைத்துக்கொள்ளலாம்.

பட்டம் பெற்று வருகிறவர்களுக்கு வேலையும் வேண்டும். மாநகராட்சியிலும் துறைமுகத்திலும் இவர்களை நியமித்து, புதிதாக ரோடோ மதிலோ எழுப்பும் முன்பு இவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும்.

பெற்றோர்களும் யோசிக்கட்டும். பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள். அடுத்த பெருமழை எந்த வருஷம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்குள் நம் ஊர் நிலத்தைப் படித்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்க வேண்டும்.