முதுகைச் சொடுக்கினால் சோர்வு போய்விடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் வழக்கம்போல் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள் என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றி இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூன்று வீட்டிலும் ஒரே நிலைமைதான். காய்ச்சல் வந்து போன பிறகு தீராத அசதி, உடம்பெல்லாம் வலி, மூட்டு வலி. படுக்க வைத்து "டப் டப்"பென்று முதுகைச் சொடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "கூட்டிப் போகலாமா டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 32 வருஷம் அறிவியல் நடத்தியவள், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகுவலிக்காக முறையாகப் படித்த ஒருவரிடம் போவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் நாள்பட்ட சோர்வு நோயையே இது தீர்க்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவதை ஏற்க மாட்டேன். கழுத்தைத் திருகுவதற்கு யாரும் சம்மதிக்காதீர்கள்.

நாள்பட்ட சோர்வு நோய் என்பது வேலை செய்த களைப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு மேலாக ஆளையே முடக்கிப் போடும் சோர்வு. தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இருக்காது. பேசும்போது வார்த்தை வராது. தசையும் மூட்டும் வலிக்கும், ஆனால் மூட்டில் வீக்கமோ சிவப்போ இருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. கொஞ்சம் அதிகமாக உழைத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆள் விழுந்துவிடுவார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் பிறந்தது. தொடங்கியவர் டேனியல் டேவிட் பாமர். அவரும் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான்! காது கேட்காத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தி, அவருக்குக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். முதுகெலும்பு இடம் பிசகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவருடைய கொள்கை. மருத்துவ அறிவியல் அதை ஏற்கவில்லை. இன்று அந்தத் துறையிலேயே பலர் முதுகு, மூட்டு வலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அந்த "டப்" சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை பிள்ளைகளே. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகிறது, அதுதான். விரலில் சொடக்கு எடுப்பதும் இதே சங்கதிதான்.

பலன் உண்டா? சாதாரண இடுப்பு வலிக்கு ஓரளவு உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்கக்கூடியவற்றில் ஒத்தடம், மசாஜ் இவற்றோடு முதுகெலும்பை அழுத்தும் முறையும் இருக்கிறது. அதற்கான ஆதாரம் வலுவானதல்ல என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இடுப்பு வலி வேறு, நாள்பட்ட சோர்வு நோய் வேறு. அந்த நோயை இது குணப்படுத்தும் என்று காட்டும் நம்பகமான ஆய்வு எதுவும் இல்லை.

"என் மச்சினிக்குச் சரியானதே டீச்சர்" என்பீர்கள். ஒரு பரீட்சையில் மிகக் குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையைத் திட்டினால் அடுத்த பரீட்சையில் மார்க் கூடும். திட்டாவிட்டாலும் பெரும்பாலும் கூடும், ஏனென்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு மோசமான நாள். இந்த நோயும் ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்கு ஓடுகிறோம். தானாக இறங்கியதும் யாரிடம் போனோமோ அவருக்குப் பெயர்.

என் சித்தி மகள் கதையைச் சொன்னால் புரியும். ஒரு மையத்தில் 20 தடவைக்குச் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. மேசையிலிருந்து எழும்போது, "அக்கா, உடம்பு லேசா இருக்கு" என்பாள். அது பொய் இல்லை. ஒருவர் அக்கறையாகக் கை வைத்துப் பிடித்துவிட்டால் தசை இளகத்தான் செய்யும். ஆனால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எழுந்து பல் விளக்கக்கூட முடியாது. மையத்தில் கேட்டால், "உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார்கள். கழிவும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் சொன்னேனே, உழைப்புக்குப் பின் வரும் வீழ்ச்சி, அதுதான். ஒன்பதாவது தடவையோடு நிறுத்திவிட்டாள். மீதிப் பணம் திரும்பவில்லை.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் மேசையிலிருந்து எழும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடுத்த மூன்று நாள் எப்படிப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மணி நேர ஆறுதலுக்கு இரண்டு நாள் படுக்கை என்றால் அந்தக் கணக்கு நஷ்டம்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். முடிவெட்டியதும் சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். எலும்புத் தேய்மானம் உள்ள பெண்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதுகை அழுத்த விடுவதற்கு முன் தங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சரி, வேறு என்ன செய்வது?

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் குறைபாடு, முடக்குவாதம் இவை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. மூட்டு வீங்கியிருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது, சக்தியைச் சிக்கனமாகச் செலவழிப்பது. சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துவதுபோல் இருக்கிற தெம்புக்குள் நாளை ஓட்ட வேண்டும். உட்கார்ந்து காய் நறுக்கலாம். இரண்டு வேலைக்கு நடுவில் கொஞ்சம் படுக்கலாம். "தினமும் கூட்டிக் கூட்டி நட" என்று விரட்டாதீர்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை முன்பு பரிந்துரைத்த பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2021இல் அதைக் கைவிட்டு, இந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வலிக்கு வெந்நீர் ஒத்தடம், மெதுவாகப் பிடித்துவிடுதல், நோயைப் புரிந்துகொண்ட பிசியோதெரபிஸ்ட், டாக்டர் எழுதித்தரும் மருந்து, இவை போதும்.

இவ்வளவு பேர் ஏன் அந்த மேசையைத் தேடிப் போகிறார்கள்? என் சித்தி மகள் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "அங்கே ஒருத்தர்தான் அக்கா, எங்கே வலிக்குதுன்னு கேட்டு, நான் சொன்னதை நம்பினார்." வீட்டில் அவளுக்குக் கிடைத்த பெயர் "சோம்பேறி". ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிறகென்ன நடிப்பு என்ற பேச்சு.

நம் வீட்டு ஆளின் வலியை நாம் நம்பினால், அவர் அந்த நம்பிக்கையை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மருமகள் படுத்திருந்தால் காபியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். பதிலை நம்புங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டேன். மருத்துவம் படித்த பிள்ளைகள் நான் சொன்னதில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்