தராசு ஏந்த அரசுக்கு உரிமை ஏது?

கொரட்டூர்த் தொடர்வண்டி நிலையத்தைவிட்டு வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் பாடி ஆலைகளுக்கும் செல்லும் தொழிலாளர் விரைந்து நடக்கும் வழி அது. அந்த வழியோரத்தில், மரநிழலில், அருகருகே அமர்ந்து இருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருக்கின்றனர். உடன்பிறந்தார் இருவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே சேரியில் வளர்ந்தவர்கள். ஒரே ஊசி, ஒரே வாறு, ஒரே வறுமை. அண்ணன் ஆடித் திங்களில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார். தம்பி ஞாயிறு காலையில் மாதா கோயிலுக்குச் செல்கிறார். அவ்வளவுதான் வேறுபாடு!

இவ்விருவரையும் நான் கற்பனையில்தான் படைத்தேன். ஆனால் இவ்விருவருக்குமிடையே சட்டம் எழுப்பியிருக்கும் சுவர் கற்பனையன்று. அண்ணன் பட்டியல் சாதியினர், தம்பி அல்லர். நம் மாநிலத்தில் பட்டியல் சாதியினர்க்கென ஒதுக்கப்பட்ட 18 விழுக்காட்டில் அண்ணனின் மகளுக்கு இடம் உண்டு; தம்பியின் மகள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலே போய் நிற்க வேண்டும். பக்கத்திலுள்ள பூவிருந்தவல்லி தனித் தொகுதியில் அண்ணன் வேட்பாளராகலாம். தம்பி ஆக முடியாது. சாதி வெறியன் ஒருவன் இருவரையும் ஒரே சொல்லால் இழித்துரைத்து, ஒரே தடியால் அடித்தாலும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்குத்தான் துணை வரும். தம்பிக்கு வராது. அடித்தவனுக்கு இருவரும் ஒன்று; சட்டத்துக்கு மட்டும் இருவரும் வேறு வேறு!

ஏன் இந்த வேற்றுமை? தம்பி செய்த குற்றம் என்ன? வணங்கும் தெய்வத்தை மாற்றிக்கொண்டார். அது ஒன்றே!

ஒரு மதத்தைவிட மற்றொரு மதம் உயர்ந்ததா என்ற கேள்வி, பட்டிமன்ற மேடைக்கு உரியது என்று நம்மிற் சிலர் எண்ணலாம். பகுத்தறிவுப் பாசறையில் பயின்ற நமக்கு அதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். தோழர்களே, அந்தக் கேள்விக்கு அரசே ஒரு விடை எழுதி, அதைச் சட்டமாக்கி, 75 ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறைப்படுத்தி வருகிறது. ஆகவே அது நம் கேள்வியும் ஆகிவிட்டது.

அந்த விடையின் வரலாற்றைச் சற்றே காண்போம். 1936ஆம் ஆண்டில் வெள்ளை ஆட்சி பிறப்பித்த ஆணையே, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. வெள்ளையர் போயினர், அந்த எண்ணம் போகவில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பெயரால் வெளிவந்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்று விதித்தது. பஞ்சாபுப் பகுதியில் சீக்கியருள் சில பிரிவினர்க்கு மட்டும் விலக்கு அளித்தது. 1955இல் நமக்கு அண்மையிலுள்ள ஆவடியிலே கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் காண்போம் என முழங்கியது. அடுத்த ஆண்டு, 1956இல், பட்டியலின் கதவு சீக்கியர்க்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. பௌத்தர்க்கு அது திறக்க 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் இன்றளவும் அடைத்தே கிடக்கிறது.

இந்த வரலாற்றிலே ஒரு பெருங்கொடுமை புதைந்து கிடக்கிறது. அண்ணல் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மதங்களை ஆய்ந்தார், ஒப்பிட்டார், எடை போட்டார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அதற்கு முன்பே, 1898இல், நம் பண்டிதர் அயோத்திதாசர் அதே பாதையில் நடந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அம்பேத்கரைப் பின்பற்றிய மக்கள், அவர் காட்டிய வழியில் சென்றதற்காகவே, ஒன்றிய அரசின் பட்டியலிலே 34 ஆண்டுகள் இடமின்றி நின்றனர். அரசியல் சட்டத்தை வரைந்தளித்த தலைவரின் தொண்டர்க்கே இந்தத் தண்டனை!

அம்பேத்கர் மதங்களை எடை போடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போட்டார். போடுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. என் மதமே மெய் என நம்ப இந்துவுக்கும், இசுலாமியருக்கும், கிறித்தவருக்கும் உரிமை உண்டு. எந்த மதமும் வேண்டா என்று சொல்லத் தந்தை பெரியாரின் வழி வந்தோர்க்கும் உரிமை உண்டு. மனிதன் தன் அறிவைத் தராசாக்கி எதையும் நிறுக்கலாம். அரசியல் சட்டத்தின் 25ஆம் விதி காப்பது அந்த உரிமையைத்தான். ஆனால் அரசு தராசு ஏந்தலாகாது. ஏன்? தனி மனிதனின் எடை தவறினால் அவன் ஒருவனோடு அந்தத் தவறு நிற்கும். அரசின் எடை தவறினால் கோடி வயிறு காயும். அன்றியும், எந்த மதம் மெய் என்று அளந்து காட்டும் படிக்கல் எந்தக் கருவூலத்திலும் இல்லை. இல்லாத படிக்கல்லை வைத்து நிறுக்கும் அரசு, பெரும்பான்மையின் கையையே படிக்கல்லாக்கும்.

இலங்கையைப் பாருங்கள்! 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் என எழுதியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதனையே ஒன்பதாம் விதியாக வைத்தது. புத்தர் கேட்டாரா அந்த முதன்மையை? சட்டம் ஒரு மதத்துக்கு முதலிடம் தந்த அன்றே, மற்றோர்க்கு இரண்டாமிடம் எழுதப்பட்டுவிட்டது. அந்த மண்ணில் தமிழன் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மறுப்போர் கூறும் வாதங்களைக் காண்போம். ஒதுக்கித் தள்ளாமல் நேர்மையோடு காண்போம்.

கிறித்தவத்திலும் இசுலாத்திலும் சாதி இல்லை, ஆகவே மதம் மாறியவர்க்குச் சாதித் துன்பமும் இல்லை என்பது முதல் வாதம். ஏட்டிலே இல்லை, உண்மை. நாட்டிலே? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவர்களிடையே சாதிப் பூசல் மூண்டு, 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சாதிக்கு மதமாற்றம் தெரியாது, தோழர்களே! அது ஞானத்தீர்க்குளியல் தொட்டிக்குள்ளும் கூடவே இறங்கி, கூடவே கரையேறுகிறது. திருச்சபைத் தலைவர்களுக்கும் இங்கு ஒன்று சொல்வேன். தில்லியிடம் நீதி கேட்கும் வாய், கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் இடிக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வாதம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவரின் வழக்கு அது. சூசை வழக்கு எனச் சட்ட ஏடுகளில் இடம்பெற்றது. செருப்புத் தைப்போர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை தந்தது. இந்து ஆதிதிராவிடர் பெற்றனர், இவர் பெறவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் இவரது மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய சமயச் சூழலிலும் அதன் இழிவு அதே ஆழத்தில் இருக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டும், அதற்கான சான்று இல்லை என்றது. தெருவோரத் தொழிலாளி எங்கே போய்ப் புள்ளிவிவரம் திரட்டுவார்? திரட்ட வேண்டிய அரசு எதிர்வரிசையில் அல்லவா அமர்ந்திருந்தது!

இன்னொரு விந்தையும் கேளுங்கள். கிறித்தவராயிருந்தவர் இந்து மதத்துக்குத் திரும்பி, அவருடைய சாதியாரும் ஏற்றுக்கொண்டால், பழைய சாதியை மீண்டும் அடைகிறார் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. இராசிபுரம் தனித் தொகுதி பற்றிய வழக்கில், 1983இல், அவ்வாறே தீர்ப்பாயிற்று. போனபோது அழிந்த சாதி, திரும்பியபோது உயிர் பெறுகிறதாம்! இடைக்காலத்தில் அது எங்கே குடியிருந்தது? அது சாகவே இல்லை; கண்ணை மூடிக்கொண்டது சட்டந்தான்.

சலுகை தந்தால் மதமாற்றம் பெருகும் என்பது இரண்டாம் வாதம். இன்றைய சட்டம் சொல்வது என்ன? வெளியே போனால் இழப்பாய், திரும்பி வந்தால் பெறுவாய் என்பதன்றோ? இதுவும் ஆசை காட்டும் வேலைதானே! பழங்குடியினர் பட்டியலுக்கு மதத் தடை இல்லை. கிறித்தவராய் மாறிய பழங்குடி மகன் பழங்குடியாகவே நீடிக்கிறான். அங்கே பொருந்தும் நீதி இங்கே மட்டும் ஏன் பொருந்தாது?

மூன்றாம் வாதம் நம் தோழர்களிடமிருந்தே எழுவது. 18 விழுக்காட்டில் புதியவர் பலர் வந்து பங்கு கேட்டால், ஏற்கெனவே இருக்கும் ஏழையின் தட்டு என்னாவது? இது வெறுப்பில் பிறந்த வாதமன்று, பசியில் பிறந்தது. இதை இகழ்வோன் சமூக நீதியை அறியாதவன். இருக்கும் சோற்றை இன்னும் சிறு உருண்டைகளாக்குவது இதற்கு விடையாகாது. புதிதாக எத்தனை பேர் சேர்கின்றனரோ, அதற்கேற்ப ஒதுக்கீட்டின் அளவும் உயர வேண்டும். கணக்கெடுப்பு, அளவு உயர்வு, பட்டியல் விரிவு ஆகிய மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். அண்ணனின் தட்டிலிருந்து பிடுங்கித் தம்பிக்குத் தருவது நீதியாகாது.

இவை நம் மேடை முழக்கங்கள் மட்டுமல்ல. ஒன்றிய அரசு அமைத்த நீதியரசர் இரங்கநாத் மிசுரா ஆணையம், 2007இல் அளித்த அறிக்கையில், மூன்றாம் பத்தியையே நீக்கிவிடுமாறு பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர் செயலர் மட்டும் மாறுபட்டார். பரிந்துரை உறங்கியது. 2022 அக்டோபரில், நீதியரசர் கே.ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் ஒன்றிய அரசு மற்றோர் ஆணையம் அமைத்தது. இரண்டாண்டுக் கெடு வைத்தது, கெடுவையும் நீட்டித்தது. 2023 ஏப்ரல் 19ஆம் நாள், மு.க. ஸ்டாலின் அவர்கள் முன்மொழிந்த தனித் தீர்மானத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடரைப் பட்டியலில் சேர்க்க அது கோரிற்று. பாரதிய சனதாவினர் வெளிநடப்புச் செய்தனர்.

தீர்மானம் தில்லிக்குப் போனது போதுமா? தெருவுக்கும் வர வேண்டும். கொரட்டூர்த் தேநீர்க் கடையிலும், அம்பத்தூர்த் தொழிற்சங்க அறையிலும், ஆவடி, பூவிருந்தவல்லிப் படிப்பகங்களிலும் இதனைப் பேசுங்கள். எந்தச் சாமி பெரிது என்ற வழக்கில் மட்டும் இறங்காதீர்கள். அது முடியாத வழக்கு. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தைப்பவன் கையில் ஏறும் ஊசி ஒன்றுதானே, வடியும் குருதி ஒன்றுதானே என்று கேளுங்கள். அண்ணனையும் அழைத்துத் தம்பிக்காகப் பேசச் சொல்லுங்கள். அண்ணன் பேசத் தொடங்கும் நாளில்தான் அந்தச் சுவரின் முதற்கல் பெயரும்.